தோட்டத்துப் பிள்ளை என்ற பழைய ‘நான்’: அதை எப்படி விடுவது?

எழுதியவர்: சிப்புட்வாசி

அனைவருக்கும் வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 46. இவ்வூரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களுள் ஒன்றில், லயத்து வீட்டில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். தோட்டம் செம்பனைக்கு மாறி ஆட்களைக் குறைக்கத் தொடங்கியபோது, என் பெற்றோர் பட்டணத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு மலிவு விலை வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். தந்தையார் ரப்பர் பால் வெட்டியவர். நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளனாக இருக்கிறேன். வேலையிலும் வருமானத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கேட்கவந்தது வேறொன்று.

சென்ற மாதம் எங்கள் மாரியம்மன் கோயில் ஆண்டுக் கூட்டத்தில், பெரியவர் ஒருவர் என்னைச் செயலாளராக முன்மொழிந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள், “நமக்கெதற்கு அண்ணே அதெல்லாம், படித்தவர்களாகப் பார்த்துப் போடுங்கள்” என்று என் வாய் சொல்லிவிட்டது. கூட்டத்தார் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது அடக்கமன்று. கணக்கும் கடிதமும் எழுத எனக்குத் தெரியும். மூன்று மொழிகளிலும் எழுதுவேன். யோசித்துச் சொன்ன மறுப்பாக இருந்தால் எனக்கு வருத்தமில்லை. நான் யோசிக்கத் தொடங்கும் முன்பே அந்தப் பதில் வெளியே வந்து நின்றது என்பதுதான் உறுத்துகிறது. இதே வார்த்தைகளால்தான் பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பதவி உயர்வையும் தட்டிக்கழித்தேன்.

அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்பதை நான் ஓரளவு அறிவேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஏதோ சம்பளப் பாக்கியைக் கேட்கத் தந்தையார் தோட்ட அலுவலகத்துக்குப் போனபோது என்னையும் அழைத்துச் சென்றார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான் மேசையின் ஓரத்தைத் தொட்டேன். “தொடாதே” என்றார் கிராணி. உடனே தந்தையாரின் கை என் தோளைப் பிடித்து என்னைப் பின்னுக்கு இழுத்தது. விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்த பால் என் சட்டையில் உரசிய சொரசொரப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தக் கை இன்றுவரை என் தோளைவிட்டு எடுக்கப்படவில்லை என்றே தோன்றுகிறது.

எட்டு மாதங்களாக விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். ரமண மகரிஷி காட்டிய ‘நான் யார்’ என்ற விசாரணையைக் கேள்விப்பட்டு, என் அறிவுக்கு எட்டிய அளவில் செய்துபார்க்கிறேன். “உனக்கெதற்கு” என்ற குரல் எழும்போது, இதைக் கேட்டுக்கொண்டிருப்பது யார் என்று உள்ளே திரும்பிப் பார்க்கிறேன். மூன்று நான்கு முறை அந்தக் குரல், லயத்தில் பலகைச் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டில் யாரோ பேசுவதைப் போல ஒலித்து அடங்கிவிட்டது. அந்த நேரத்தில் இருந்த விரிவைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. ஆனால் அன்று மாலையே அது மீண்டும் என் சொந்தக் குரலாகிவிடுகிறது.

என் ஐயங்கள் இரண்டு. அடங்கித் திரும்பும் இந்த அனுபவம் உண்மையானதா, அல்லது என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா? அடுத்தது இன்னும் கடினம். அந்தப் பழைய ‘நானை’ விட்டுவிட்டால், அதை எனக்குக் கொடுத்த தந்தையையும் தோட்டத்தையும் சேர்த்து உதறிவிட்டவன் ஆகிவிட மாட்டேனா?

எழுதியவர்: ஓய்வாசிரியர்

தம்பிக்கு வணக்கம். தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கோயிலில் வியாழக்கிழமை மாலைகளில் சிலருக்குச் சைவ சித்தாந்தம் சொல்லிவருகிறேன். அந்தப் பழக்கத்தில் இது சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆணவம் என்றால் திமிர், செருக்கு என்று பல ஆண்டுகள் நானே கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். அது பாதிப் பொருள்தான் என்பது சாத்திரத்தை முறையாகக் கேட்ட பிறகே எனக்கு விளங்கியது. ஆணவம் என்ற சொல் அணு என்பதிலிருந்து வந்தது. இயல்பில் பரந்திருக்க வேண்டிய உயிரை அணுவளவாகச் சுருக்கிக் காட்டுவது எதுவோ அதுவே ஆணவம். அதற்கு இரண்டு ஆற்றல்களைச் சொல்வார்கள். உண்மையை மறைப்பது ஆவாரகம். உயிரைக் கீழ்நோக்கிச் செலுத்துவது அதோநியாமிகை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு உங்கள் கோயில் கூட்டத்தைத் திரும்பப் பாருங்கள். “என்னைவிடப் பெரியவன் யார்” என்று மார்தட்டுகிறவனிடம் வேலை செய்வது எதுவோ, “நமக்கெதற்கு அண்ணே” என்று பின்வாங்குகிறவனிடமும் அதுவேதான் வேலை செய்கிறது. முன்னவனை ஊரே கண்டுகொள்ளும். பின்னவனை நல்லவன் என்று பாராட்டிவிடுவதால், அவனுடைய கட்டு அவிழாமலே போய்விடுகிறது. உங்களிடம் எனக்குப் பிடித்தது, அந்தப் பாராட்டை நீங்கள் ஏற்றுக்கொள்ளாததுதான்.

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டாரைப் பற்றி ஒரு வரலாறு வழங்குகிறது. அவர் குடும்பத்துக்குக் குலகுருவாகவும், ஆகமங்களில் பெரும் பண்டிதராகவும் இருந்த அருணந்தி சிவாசாரியார், சிறு பிள்ளை ஒருவர் பலருக்கும் உபதேசம் செய்கிறார் என்று கேள்விப்பட்டுச் சோதிக்க வந்தார். ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்காமல், நின்றுகொண்டிருந்த அவரையே நோக்கினார். அந்த நோக்கிலேயே விடை கிடைத்துவிட, வயதையும் புலமையையும் மறந்து அருணந்தியார் அவரை வணங்கி மாணாக்கரானார் என்பர். ஆணவத்தின் மீது யாரும் அங்கே போர் தொடுக்கவில்லை. அது பார்க்கப்பட்டது, அவ்வளவே. நீங்கள் விடியற்காலையில் செய்வதும் அந்தப் பார்வையின் ஒரு சிறு பயிற்சி என்றுதான் நான் கருதுகிறேன்.

ஆகவே உங்கள் முதல் ஐயத்துக்கு என் விடை இது. குரல் மாலையில் திரும்பி வருவதால் காலையில் கண்டது பொய்யாகிவிடாது. முத்தி நிலையிலும்கூட ஆணவம் அடியோடு இல்லாமல் போவதில்லை, அதன் வலிமை மடங்கிக் கிடக்கும் என்பதே சித்தாந்தத்தின் துணிபு. அங்கேயே அப்படியென்றால், எட்டு மாதத்தில் குரல் அற்றுப்போக வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது மிகை. அது பேசியும் நீங்கள் அசையாத நேரம் எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டும் கவனித்துவாருங்கள்.

இரண்டாவது ஐயத்துக்கு, மெய்கண்டாரின் சிவஞானபோதம் என்ற நூலின் எட்டாம் சூத்திரத்தில் ஓர் உவமை இருக்கிறது. வேடர்களிடையே வளர்ந்த அரசகுமாரன் ஒருவன் தன்னையும் வேடன் என்றே எண்ணி வாழ்கிறான். அவன் யார் என்பதைத் தந்தை வந்து உணர்த்துகிறார். அவன் புதிதாக எதுவாகவும் ஆகவில்லை. முன்பே இருந்ததை அறிந்துகொள்கிறான். ஆனால் இந்த உவமையை அளவோடு கையாள வேண்டும். அங்கே வேடர் என்பது ஐம்புலன்களைக் குறிக்கும். அதை நம் தோட்டத்து மக்கள் மீது ஏற்றி, “நான் அரசகுமாரன், இவர்கள் வேடர்கள்” என்று ஒருவன் நினைக்கத் தொடங்கினால், ஆணவம் வேறு சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவர்களை நம் தாமான்களிலேயே நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எழுதியவர்: பிளஸ் ஆற்றங்கரை

ஆசிரியர் ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. தோட்டத்தில் இருந்த வீடு தொழிலாளியின் வீடன்று. வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலை போனால் சட்டி பானையோடு வெளியேற வேண்டியதுதான். குடும்பமே அந்த ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பேரேட்டைக் கையில் வைத்திருந்தவர் முன் செருப்பைக் கழற்றி நின்ற மனிதனிடம் இருந்தது ஆணவ மலமா? அவர் தம் நிலைமையைச் சரியாகக் கணக்குப் போட்டிருந்தார். நண்பரே, உங்கள் தோளைப் பிடித்த அந்தக் கை அறியாமையால் நடுங்கிய கையாக எனக்குத் தெரியவில்லை. அனுபவம் உள்ள கையாகத் தெரிகிறது. கூலிக்கும் வீட்டுக்கும் நிலத்துக்கும் பட்ட பாட்டையெல்லாம் உள்மனத்தின் கோளாறு என்று சொல்லிவிட்டால், அந்தப் பாட்டைக் கொடுத்தவர்கள் சுலபமாகத் தப்பிவிடுவார்கள்.

உங்கள் காலத்தில் அந்தக் கணக்கு பொருந்தவில்லை என்றால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்காக மணிக்கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கோயில் செயலாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டு ஆறு மாதம் வேலை செய்தாலே பாதி குணமாகிவிடும்.

எழுதியவர்: ஓய்வாசிரியர்

தோழர் சொன்ன முற்பகுதியை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். தந்தைக்குக் கணக்காக இருந்தது, அந்தக் கணக்குக்குத் தேவையே இல்லாத மகனிடம் எப்படி ‘நான்’ ஆயிற்று என்பதுதான் நான் பேசவந்தது. பொறுப்பை ஏற்றால் குணமாகும் என்கிறார். கோயில் பொறுப்பில் இருந்த அனுபவம் எனக்கும் உண்டு. அங்கே குணமானவர்களைவிட நோய் முற்றியவர்களே அதிகம்.

எழுதியவர்: நிரைக்காரி

நான் சொல்லச் சொல்ல என் மகள் தட்டச்சு செய்கிறாள். நல்ல தமிழாக ஆக்கியதும் அவள்தான். 31 ஆண்டுகள் பால் வெட்டினேன். மகன் போன்ற உங்களுக்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

இருட்டோடு பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள், அதாவது மர வரிசைக்குள், இறங்குவோம். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அந்த அவசரம். முன்பு வெட்டிய கோட்டில் காய்ந்திருக்கும் பாலை முதலில் உரித்தெடுத்து, பிறகு பட்டையைச் சீவ வேண்டும். சீவுவது மிக மெல்லியது. நகத்தின் கனம்தான் இருக்கும். அதிலும், மரத்தைத் தொடாமல் உள்ளே கொஞ்சம் பட்டையை விட்டுவிட வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. பால் அதிகம் வரட்டும் என்று ஆழமாக இறக்கினால் மரத்தில் காயம் பட்டுவிடும். அந்த இடத்தில் வளரும் புதுப்பட்டை கரடு கட்டி, மேடும் பள்ளமுமாகி, பிறகு கத்தியே ஓடாது. சரியாகச் சீவிய மரத்தில் சில ஆண்டுகளில் பட்டை தானாக மூடிவிடும். அதே இடத்தில் மீண்டும் கோடு போடலாம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் முதலில் ஆழமாகத்தான் வெட்டுவார்கள். வேலையை மேற்பார்க்கும் தண்டல் வந்து திட்டுவார்.

நீங்கள் எழுதியதை மகள் படித்துக் காட்டியபோது எனக்கு அந்தப் பிள்ளைகளின் கைதான் நினைவுக்கு வந்தது. எட்டு மாதத்தில் எல்லாம் போய்விட வேண்டும் என்று கத்தியை அழுத்துகிறீர்கள். இன்று வந்ததை இன்று சீவினால் போதும். அதற்கு அடியில் இருப்பது உங்கள் அப்பா, அம்மா, லயம், மாரியம்மன் திருவிழா எல்லாம்தான். அதன்மேல் கத்தி படக் கூடாது.

வங்கியில் கையெழுத்துப் போடக் கூச்சப்பட்டு எப்போதும் மகளையே அனுப்பிக்கொண்டிருந்தவள் நான். ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல் என்பதால் நானே போனேன். எண் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, மனம் பேசிய பேச்சையெல்லாம் யாரோ பேசுவதைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து வந்துவிடு என்று அது எத்தனையோ முறை சொன்னது. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். அதற்குப் பிறகும் அது பேசும், நான் எழுந்திருப்பதில்லை. இதுதான் தியானமா என்று ஆசிரியர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

பக்கத்துக் கோல கங்சாரில் 1877ஆம் ஆண்டு நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். முடிந்தால் அப்பாவை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். நான் போனபோது கை தன்னால் பட்டையைத் தடவப் போயிற்று.

எழுதியவர்: பழைய டிரஸ்ஸர்

சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் என்ற உரிமையில் ஒன்றைச் சொல்கிறேன். பழைய ‘நானை’ விடுவது என்றால் கற்ற தொழிலையும் வாழ்ந்த வாழ்வையும் எறிந்துவிடுவது என்ற அச்சம் பலருக்கு உண்டு. பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி என்ற மருத்துவர் 1913இல் மலாயாவுக்கு வந்தார். எங்கள் நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகளும், பிறகு ஜொகூரிலும் வேலை பார்த்தார். 1923இல் நல்ல வருமானத்தை விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பி, மறு ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு ஏற்றார். அவர்தான் சுவாமி சிவானந்தர். பத்துமலையில் அவர் பெயரில் ஆசிரமம் இருப்பது பலருக்குத் தெரியும். அவர் நம் தோட்டத்து நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தவர் என்பது அவ்வளவாகத் தெரியாது. நான் மருந்து அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

இங்கே கவனிக்க வேண்டியது துறவுக்குப் பின் அவர் செய்தது. மருத்துவர் என்ற பெயரும் வருமானமும் போயின. வைத்தியம் செய்யும் கை போகவில்லை. ரிஷிகேசத்திலும் நோயுற்ற சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டேதான் இருந்தார். “நான் டாக்டர்” என்பதுதான் கழன்று விழுந்தது.

தொழில் பழக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. உட்காரும் பயிற்சியால் மனம் இலேசாக வேண்டும். தூக்கம் கெடுவது, உணவில் வெறுப்பு, எதிலும் பிடிப்பில்லாமல் நாள் முழுவதும் வெறுமையாக இருப்பது போன்றவை தொடர்ந்தால், அதை ஞானத்தின் அறிகுறி என்று எண்ணிக்கொண்டு இருந்துவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். ஒருவரை அப்படி இருக்கவிட்டு, பிறகு வருந்தியவன் நான்.

எழுதியவர்: சிப்புட்வாசி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. டிரஸ்ஸர் ஐயா சொன்ன அறிகுறிகள் எதுவும் எனக்கு இல்லை, நன்றாகத் தூங்குகிறேன். நிரைக்காரி அம்மா சொன்னபடி சென்ற ஞாயிற்றுக்கிழமை தந்தையாரை அழைத்துக்கொண்டு கோல கங்சாருக்குப் போனேன். அவருக்கு இப்போது 79 வயது. வேலிக்கு வெளியே நின்று மரத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, “இதற்கு இனி யாரும் கோடு போட மாட்டார்கள், நிம்மதியாக இருக்கும்” என்றார்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் தேநீர் குடிக்கும்போது, துணிந்து அந்த அலுவலகச் சம்பவத்தைக் கேட்டேன். 37 ஆண்டுகளாக நான் சுமந்துகொண்டிருந்தது அவருக்கு நினைவிருக்காது என்றே எண்ணியிருந்தேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. “மேசை ஓரத்தில் கிராணியின் காப்பிக் குவளை இருந்தது. நீ கையை நீட்டியதும் பேரேட்டில் கொட்டிவிடுவாய் என்று பிடித்தேன்” என்றார். சிறிது நேரம் கழித்து, நான் கேட்காமலே, “பயமும் இருந்தது” என்றார்.

என் நினைவில் அந்த மேசை மீது குவளையே இல்லை. இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ முறை அந்த அறைக்குள் போய்வந்திருக்கிறேன். ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. ஆற்றங்கரை நண்பர் சொன்னதும் சரியாகத்தான் இருக்கிறது. ஆசிரியர் ஐயா சொன்னதும் விட்டுப்போகவில்லை. மறுநாள் காலை உட்கார்ந்தபோது குரல் வழக்கம்போல வந்தது. தோளில் இருந்த கையும் வந்தது. ஆனால் இம்முறை அதை உதற வேண்டும் என்று தோன்றவில்லை. காய்ந்த பாலின் வாசனையோடு அது சிறிது நேரம் அங்கேயே இருந்தது.

செயலாளர் பொறுப்புக்கு இன்னும் ஆள் போடவில்லையாம். அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு நடக்கிறது. என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. கேட்டால், வாயைத் திறப்பதற்கு முன் ஒரு மூச்சு பொறுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஓய்வாசிரியர் ஐயா, உங்கள் வியாழக்கிழமை வகுப்பு எந்தக் கோயிலில் நடக்கிறது? வேலை முடிந்து ஈப்போவிலிருந்து வர ஆறரை மணி ஆகிவிடும்; தாமதமாக வந்தால் பின்வரிசையில் உட்கார அனுமதிப்பீர்களா?

எழுதியவர்: ஓய்வாசிரியர்

முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன், தம்பி. ஏழு மணிக்குத்தான் தொடங்குவோம். அப்பாவால் முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். பின்வரிசை என்று ஒன்று அங்கே கிடையாது. பாய் ஒன்றுதான் இருக்கிறது.